மேலேறும் மாடும் கீழிறங்கும் நீரும்

(கம்பம் பள்ளத்தாக்கின் நிலத்தையும் மரபையும் குறித்துத் தேனியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையோரம், புலிமான்கோம்பை என்றோர் ஊர் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பேராசிரியர் கா. ராஜனும் அவருடைய ஆய்வாளர்களும் அந்த ஊரில் மூன்று கற்களைக் கண்டெடுத்தார்கள். பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. சிலை இல்லை, உருவம் இல்லை, வேலைப்பாடு எதுவும் இல்லை. ஆள் உயரம்கூட வராத பலகைக் கற்கள். ஆனால் அவற்றின் மேல் தமிழி எழுத்துகள் இருந்தன. அதற்கு முன்னால் தமிழ்நாட்டில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்கள் பெரும்பாலும் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியும் அதற்குப் பிறகும் நட்டவை. புலிமான்கோம்பைக் கற்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஒரே நாளில் நடுகல்லின் வரலாறு பல நூற்றாண்டு பின்னே போனது.

அந்தக் கற்களில் ஒன்றை மட்டும் உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறேன். அதில் உள்ள சொற்கள் இவ்வளவுதான்: கல், பேடு தீயன் அந்தவன், கூடல் ஊர், ஆகோள். இது அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், அவன் இறந்திருக்கிறான். தொல்காப்பியம் வெட்சித் திணைக்குச் சொல்லும் துறைகளில் ஆகோள் ஒன்று. இலக்கணத்தில் படித்த ஒரு சொல் இங்கே இறந்துபோன ஒரு மனிதனின் பெயரோடு சேர்ந்து கல்லில் நிற்கிறது. மன்னன் பெயர் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. ஊர்க்காரர்கள் தங்களில் ஒருவனுக்காகத் தாங்களே நட்ட கல் இது. அவர்களுக்குள் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார், அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்தக் கூடலூர் எது? மதுரைக்குக் கூடல் என்று பெயருண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மாட்டுச் சண்டை நடந்த கூடலூரை நான் கம்பத்துக்குத் தெற்கே, குமுளி மலையின் அடியில் இருக்கும் நம்முடைய கூடலூராகவே எண்ணிப் பார்க்கிறேன். முடிவு சொல்லும் உரிமை கல்வெட்டு அறிஞர்களுக்கு. நான் சொல்லுகிற காரணம் நிலத்தில் இருக்கிறது. மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும், இரண்டுக்கும் நடுவில் தெற்கிலிருந்து வடக்காக நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. தலைமாட்டில் கூடலூர். மலைப்புல் முடிந்து வயல் தொடங்கும் இடம் அது. மாடு வைத்திருப்பவனுக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. மாட்டைக் களவாடிக்கொண்டு கணவாய் ஏறிப் போக நினைப்பவனுக்கும் அப்படித்தான்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த அடிவாரத்தின் மரபு என்பது மலைக்கும் தரைக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டாக நடந்துவரும் போக்குவரத்து. மாடு மேலே போகும், தண்ணீர் கீழே வரும். மனிதர்கள் ஏறுவார்கள், ஏலக்காய் இறங்கும். கோயிலும் அருவியும் அந்தப் போக்குவரத்தின் வழியில் இருக்கும் இடங்கள். நாம் இடங்களை மட்டும் படம்பிடித்து மாட்டிவிட்டு வழியை மறந்துகொண்டிருக்கிறோம்.

முதலில் மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மலைமாடு என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒடுங்கிய உடம்பு, உறுதியான குளம்பு, பால் கொஞ்சம்தான். கன்றுக்குப் போக வீட்டுக்கு ஒரு செம்பு கிடைத்தால் பெரிது. அதை வளர்ப்பவர்கள் பாலுக்காக வளர்க்கவில்லை. வயலில் பயிர் நிற்கிற மாதங்களில் மாட்டை மலைக்கு ஓட்டிப் போய்ப் பட்டி போட்டு மேய்ப்பார்கள். அறுவடை முடிந்ததும் கீழே இறக்கி வயலில் கிடை அமர்த்துவார்கள். இரவெல்லாம் மாடு படுத்த வயலுக்கு அந்தப் போகத்துக்கு வேறு உரம் வேண்டியதில்லை. கிடைக்கூலியைப் பணமாகவோ நெல்லாகவோ வாங்கிக்கொள்வார்கள். காட்டில் தின்ற புல், கழனியில் எருவாகிறது. இதைவிடச் சிக்கனமான ஓர் ஏற்பாட்டை எந்த வேளாண்மைத் திட்டமும் இன்றுவரை வகுக்கவில்லை என்பது என் கருத்து.

கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்திருப்பீர்கள். பல தலைமுறைக்கு முன்னால் கன்னட நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒக்கலிகர்கள் போற்றும் தொழுவம். நந்தகோபாலன் கோயில் என்று பெயர், ஆனால் அங்கே கும்பிடப்படுவது மாடுதான். பட்டத்துக்காளை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து அரசன் போல வைத்திருப்பார்கள். மாட்டுப் பொங்கலன்று பள்ளத்தாக்கின் எல்லா ஊர்களிலிருந்தும், எல்லாச் சாதியிலிருந்தும் ஆட்கள் வந்து தொழுவத்து மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு போவார்கள். நேர்ந்துகொண்டு கன்றுகளை விட்டுவிட்டுப் போவார்கள். கன்னடம் பேசிக்கொண்டு வந்தவர்களும் அந்தவனின் ஊர்க்காரர்களும் ஒரே மண்ணில் மாட்டைக் கொண்டே ஒட்டிக்கொண்டார்கள். இது எழுதி வைக்கப்படாத வரலாறு.

இப்போது நிலைமை என்ன? 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வனப்பகுதிகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. முதலில் தமிழ்நாட்டு வனம் முழுவதற்கும் என்றிருந்த ஆணை, பிறகு புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்கு என்று சுருங்கியது. நம் மலையைப் பொறுத்தவரை அந்தச் சுருக்கத்தால் பெரிய ஆறுதல் இல்லை. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டுவிட்டது. இந்தியாவின் 51ஆவது காப்பகம். மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது.

காப்பகம் வேண்டாம் என்று சொல்லுகிறவன் நான் இல்லை. வைகையின் தலைக்காடு அது. அங்கே சோலைக்காடு நின்றால்தான் மதுரைக்குத் தண்ணீர். ஆனால் மந்தை மந்தையாக வெளியிலிருந்து ஓட்டி வரப்படும் வியாபாரக் கால்நடையும், தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட பாதையில் ஏறி இறங்கும் மலைமாடும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தது நியாயமில்லை. எந்தப் பாதை, எத்தனை மாடு, எந்த மாதம் என்று உட்கார்ந்து பேசி வகுத்துக்கொள்ள முடியும். வெள்ளைக்காரன் காலத்து வனத்துறையே மேய்ச்சல் சீட்டுக் கொடுத்துத்தான் அனுப்பியது. மலைமாடு போய்விட்டால், அந்தவன் எதற்காகச் செத்தான் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது தண்ணீர்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பிடித்து ஆட்டிய பெரும்பஞ்சம் மதுரைச் சீமையையும் விடவில்லை. மலைக்கு அந்தப்புறம் பெரியாறு வெள்ளமாக ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்தது. இந்தப்புறம் வைகை மணலாகக் கிடந்தது. பெரியாற்றை இந்தப் பக்கம் திருப்பலாமா என்று பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்தார். பணம் போதாமல் அது நின்றது. கர்னல் ஜான் பென்னிகுவிக் வடிவமைத்த திட்டத்தில் 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். அதற்கு முன்னால் 1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய்.

இந்த விவரங்களை நாம் மேடைக்கு மேடை சொல்லுகிறோம். பென்னிகுவிக்கின் படத்தை வீட்டில் மாட்டி, அவர் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறோம். 2013இல் லோயர் கேம்பில் மணிமண்டபமும் எழுந்தது. நன்றி மறவாத மண் இது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அணை எப்படி எழுந்தது என்பதை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

அணையின் உள்ளுடம்பு சிமெண்டு இல்லை. சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், உடைகல். சுர்க்கி என்பது செங்கல்லைச் சுட்டு இடித்த தூள். அதைச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தால் ஈரத்திலும் இறுகும். சுண்ணாம்புக்கல் எங்கிருந்து போனது தெரியுமா? மலைக்கு மேலே கிடைக்கவில்லை. இங்கே அடிவாரத்தில், குருவனூத்துப் பகுதியில் வெட்டினார்கள். அங்கிருந்துதான் அதைக் குமுளி மலைக்கு ஏற்றினார்கள். தேக்கடியிலிருந்து படகில் அணைக்குப் போயிற்று. பள்ளத்தாக்கின் மண்ணே மலைக்கு ஏறி அணையாக நின்று, அதற்கு ஈடாகத் தண்ணீரைக் கீழே அனுப்பியது என்றுகூடச் சொல்லலாம்.

வேலை நடந்த ஆண்டுகளில் வெள்ளம் வந்து தற்காலிகத் தடுப்புகளை மறுபடி மறுபடி அடித்துப் போயிற்று. மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல். காலரா வேறு. ஏ.டி. மெக்கன்சி என்ற பொறியாளர் பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அணைக்குப் பக்கத்தில் அந்நாளைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டிய கல் உண்டு. கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, காய்ச்சலில் விழுந்த கூலிக்காரருக்கு அது இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் மாட்டுச் சண்டையில் செத்தவனுக்குப் பெயரெழுதிக் கல் நட்ட ஊர் இது. நூற்று முப்பது ஆண்டுக்கு முன்னால் செத்தவர்களுக்குக் கல் நடவில்லை. மணிமண்டபத்தில் அவர்களுக்கென்று ஒரு கல் வைக்க வேண்டும் என்று எங்கே பேசினாலும் கேட்டுக்கொண்டு வருகிறேன். இன்றும் கேட்கிறேன்.

தண்ணீர் வரும் வழியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். தேக்கடி மதகு, மலையைக் குடைந்த சுரங்கம், போர்பே அணை, அங்கிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு. குழாய் கொள்ளாத தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக வரும். அந்தப் பெயரை வைத்தவர் எந்தப் பொறியாளரும் இல்லை. காதால் கேட்டவர்கள் வைத்த பெயர். மழை நாளில் அந்தப் பாலத்தில் நின்று பக்கத்திலிருப்பவரோடு பேச முடியாது. அங்கிருந்து வைரவனாற்றில் கலந்து, முல்லையாறாகிப் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது.

நுழைந்த பிறகு அது ஆற்றுநீர் மட்டும் இல்லை. பரவு என்று நம் பக்கத்தில் சொல்வது வெளியூர்க்காரருக்குப் புரியாது. கூடலூர்ப் பரவு, கம்பம் பரவு, உத்தமபாளையம் பரவு, சின்னமனூர்ப் பரவு, வீரபாண்டிப் பரவு என்று வாய்க்கால் வாய்க்காலாகப் பாசன நிலத்தைப் பிரித்து வைத்திருக்கிறோம். எந்த மடை எப்போது திறக்கும், கடைமடைக்காரனுக்கு எந்த நாள் என்பதெல்லாம் பரவுக்குப் பரவு பேசி முடித்த ஒழுங்கு. 14,707 ஏக்கரில் இருபோக நெல். ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்தால் முதல் போகத்துக்கு நாற்று பாவிவிடுவார்கள். அந்த 14,707 என்ற எண் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த ஏக்கர்களில் எவ்வளவு இன்றைக்கு வீட்டுமனையாகிவிட்டது என்று போய்ப் பாருங்கள். சாலையோர வயல்களில் நிற்கும் வண்ணக் கற்கள் நடுகல் இல்லை, மனைக்கல்.

கம்பத்துப் பன்னீர் திராட்சையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்கள் பலவற்றில் திராட்சைக்கு ஆண்டில் ஒரு பருவம். இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டே இருக்கும். மேற்கே மலை மழையைத் தடுத்துக் காற்றையும் சாரலையும் மட்டும் அனுப்புகிறது, தண்ணீரோ சுரங்கம் வழியாக வருகிறது. மழை குறைவாகவும் தண்ணீர் நிறைவாகவும் இருக்கிற இந்த அபூர்வச் சேர்க்கைதான் அந்தப் பழத்துக்குக் காரணம்.

இனி மனிதர்கள் ஏறி இறங்கிய கதை. கணவாய்கள் இல்லையென்றால் இந்தப் பள்ளத்தாக்கு ஒரு முட்டுச்சந்தாக இருந்திருக்கும். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்று இன்றைக்கு மூன்று மலைச்சாலைகள். அவற்றுக்கு முன்பு ஒற்றையடிப் பாதைகள் பல. சேர நாட்டு மிளகு மதுரைக்கு வந்த பெருவழிகளில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது என்பது தொல்லியலாளர் பலரின் கருத்து. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, கீழே வட்டெழுத்தில் செதுக்குவித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. திருக்குணகிரி என்று அந்தக் குன்றுக்குப் பெயர். வணிகர் போகும் வழியில்தான் சமணம் தங்கும். சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டியர் சாதனைகளாகச் சொல்லும் செப்பேடு அது. அதைப் பற்றித் தனியாக ஒருநாள் பேச வேண்டும். இன்று நேரமில்லை.

போடிக்கு மேலே கொட்டகுடி. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். மூணாறுத் தேயிலை கொச்சிக்கு இறங்கியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களின் தொடக்க காலத்தில் அது நம் பக்கம்தான் இறங்கியது. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. எருதுகள் இழுத்த வண்டி. 1908இல் அதைக் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலைச்சரிவில் குரங்கணி வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கின. அந்த இடங்களுக்கு அந்நாளில் சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி, பிறகு துறைமுகம். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாறு இருப்புப்பாதையை வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு அதை யாரும் மீண்டும் போடவில்லை. மேலே டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்காக நிற்கிறது. கொட்டகுடியில் அந்தப் பழைய சரக்குவழியைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

தேயிலை போனாலும் ஏலக்காய் போகவில்லை. காடு அந்தப்பக்கம், சந்தை இந்தப்பக்கம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் போடியிலும் நடக்கிறது. போடித் தெருக்களில் நடந்தால் சல்லடைச் சத்தமும் வாசனையும் வீட்டுக்குள்ளிருந்தே வரும். விடிவதற்கு முன் கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிற பெண்கள்தான் ஏலத்தோட்டத்தின் கை. தூக்குச்சட்டியில் சோறு, இடுப்பில் ஒரு சாக்கு. இருட்டில் ஏறி இருட்டில் வீடு திரும்புகிறார்கள். ஏலக்காயைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் விலையையும் விளைச்சலையும் எழுதுகிறார்கள். அந்த ஜீப்பை எழுத வேண்டும்.

மலைக்கு ஏறியவற்றில் பாட்டும் உண்டு. 1956 நவம்பரில் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. 1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தோட்டம் தோட்டமாகப் போய் அவருக்காகத் தமிழில் பாடி வாக்குக் கேட்டவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். ரோசம்மா வென்றார். அந்தப் பாவலரின் தம்பி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணைப்புரம் மேற்கு மலையின் காலடியில் இருக்கிற சின்ன ஊர். இளையராஜாவின் இசைப் பயணம் அந்த அண்ணனின் கச்சேரிக் குழுவில், ஆர்மோனியத்தோடுதான் தொடங்கியது. அவருடைய இசையில் நாற்று நடுகிறவள் குரலும் மலைக்காற்றும் கலந்து கேட்பதாக நான் சொன்னால், ஊர்ப்பாசத்தில் சொல்லுகிறேன் என்று நினைக்காதீர்கள். இரண்டையும் தினமும் கேட்டு வளர்ந்த காது அது.

கண்ணகி கோயிலுக்கும் மலை ஏறுகிறோம். சித்திரை முழுநிலவு அன்று ஒருநாள் மட்டும். கூடலூருக்கு மேலே பளியன்குடியிலிருந்து காட்டுப்பாதையில் நடந்து, வண்ணாத்திப்பாறை உச்சியில் இருக்கும் அந்தச் சிதைந்த கற்கோயிலை அடைகிறார்கள் நம் மக்கள். இரண்டு மாநில அதிகாரிகளும் கூட்டம் போட்டு விதி வகுக்கிறார்கள். எது யாருடைய எல்லை என்ற வழக்கு நடக்கட்டும். கற்கள் ஆண்டுக்காண்டு சரிந்துகொண்டிருக்கின்றன. முதலில் கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மலையை அறியாமல் ஏறினால் என்ன ஆகும் என்பதை 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில் பார்த்தோம். மலையேற்றத்துக்கு வந்த இளைஞர்கள் காய்ந்த புல்வெளித் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயைக் கண்டதும் முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணி ஊர்மக்கள். போர்வையிலும் தோளிலும் சுமந்து இறக்கியவர்கள் அவர்கள்தான். எந்த மாதத்தில் எந்தச் சரிவில் தீப்பிடிக்கும் என்று மலைவாழ் மக்களான முதுவர்களுக்கும் பளியர்களுக்கும் தெரியும். அவர்களைக் கேட்காமல் மலையில் எதையும் திட்டமிடக் கூடாது.

கடைசியாக மூலவைகை. கம்பம் பள்ளத்தாக்கு பெரியாற்றுத் தண்ணீரில் பச்சையாக இருக்க, கிழக்கு மலைக்கு அந்தப்பக்கம் வருசநாட்டில் வைகையின் சொந்த ஊற்று ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கிறது. வைகை பிறக்கிற இடத்தில் தண்ணீர் இல்லை. உணவுப் பஞ்சக் காலத்தில் அதிகம் விளைவிப்போம் என்று அரசே காட்டைக் குத்தகைக்குக் கொடுத்து ஆட்களை ஏற்றியது. அவர்கள் மரம் வெட்டி, இலவம் வைத்து, கொட்டை முந்திரி வைத்துக் குடியேறினார்கள். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கத்து இலவம்பஞ்சில் தலைவைத்துத்தான் தமிழ்நாடு தூங்குகிறது. அவர்களை இன்றைக்கு ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதே மேகமலையின் உச்சியில் சோலைக்காட்டை மழித்துத் தேயிலை போட்ட பெருந்தோட்டங்களைப் பச்சைக் கம்பளம் என்று வர்ணித்துச் சுற்றுலாப் போகிறோம். காடு இரண்டு பேராலும்தான் போயிற்று. சோலையை மீட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சுமையை இலவம் பறிக்கிறவன் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது.

கீழே 1959இல் வைகை அணை எழுந்தபோது ஊர்களும் மூழ்கின. அந்த இடப்பெயர்வை வைரமுத்து கள்ளிக்காட்டு இதிகாசம் என்று நாவலாக எழுதினார். 2003இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நூல். கோடையில் நீர் வற்றினால் பழைய ஊர்களின் எச்சம் தெரியும். மதுரையில் குழாயைத் திறக்கிறவர்கள் வருசநாட்டுக்காரனின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்லுகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். புலிமான்கோம்பையில் கிடைத்தது மூன்று கற்கள். அந்த மூன்றோடு இந்த மண் நின்றுவிட்டது என்று நான் நம்பவில்லை. வாய்க்கால் மதகில், கிணற்றுத் துவைகல்லாக, தோட்டத்து வேலிக்காலாக, அய்யனார் திடலில் சாய்ந்த பலகையாக இன்னும் கற்கள் இருக்கும். ஜேசிபி வைத்து மனை போடுகிற வேகத்தில் அவை காணாமல் போகின்றன. உங்கள் ஊரில் எழுத்துப் போலக் கீறலுள்ள கல்லைப் பார்த்தால் எண்ணெய் பூசாதீர்கள், சுண்ணாம்பு அடிக்காதீர்கள், சுரண்டிப் பார்க்காதீர்கள், இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, ஊர்ப் பெயரையும் புல எண்ணையும் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் எழுத்தில் கொடுங்கள். அப்படியே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், மாடு எந்தப் பாதையில் மலைக்குப் போயிற்று, எந்த இடத்தில் பட்டி போட்டார்கள் என்று கேட்டு, இடத்தின் பெயர்களோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். இந்த ஆண்டே எழுதிவிடுங்கள்.